இருபது நிமிடம் நின்றால் கிளம்பாத வண்டி

காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி ஒரே அடியில் கிளம்பும். நாள் முழுக்க நிறுத்தி வைத்துவிட்டு மாலையில் எடுத்தாலும் அப்படித்தான். ஓடும்போது எந்தக் குறையும் இல்லை, மிஸ் அடிக்காது, மேட்டில் இழுவை குறையாது. நன்றாக ஓடிச் சூடான வண்டியை அணைத்துவிட்டு இரண்டு மூன்று நிமிடத்துக்குள் திரும்பக் கிளப்பினாலும் மறுபேச்சு இல்லாமல் கிளம்பிவிடும். ஆனால் பதினைந்து இருபது நிமிடம் நிறுத்திவிட்டு வந்து செல்ஃப் அடித்தால் போச்சு. சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். பத்துப் பன்னிரண்டு விநாடி கழித்து ஒரு சிலிண்டர் இருமும், அப்புறம் இன்னொன்று, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பிடித்தால் நடுங்கி நடுங்கிக் கிளம்பி, ஒரு நிமிடம் நொண்டிவிட்டுத் தெளியும். அதே இடத்தில் ஒன்றரை மணி நேரம் விட்டுவிட்டு வந்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி கிளம்பும்.

வண்டிக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. நாலு சிலிண்டர் பெட்ரோல் கார், ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைப் பீய்ச்ச ஒரு இன்ஜெக்டர், டேங்குக்குள் உட்கார்ந்திருக்கும் எலக்ட்ரிக் பம்ப், மிச்சமாகும் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பிப் போக ஒரு ரிட்டர்ன் லைன். அந்தக் காலத்து இன்ஜெக்‌ஷன் வண்டிகள் நிறைய இந்த அமைப்புதான், அதனால் மாடல் பெயர் இங்கே முக்கியமில்லை. இந்த ஒரு கோளாறைப் பிடிக்க எனக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆனது. நியாயமாகப் பார்த்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். மீதி நாளெல்லாம் எங்கே போனது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதல் தொல்லை, இந்தக் கோளாறு யார் முன்னாலும் வந்து நிற்காது. மெக்கானிக்கிடம் ஓட்டிப் போவேன், அவர் கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு வர ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் வண்டி ஆறியிருக்கும். ஒரே அடியில் கிளம்பும். "நல்லாத்தானே சார் ஸ்டார்ட் ஆகுது" என்பார். எனக்கே சந்தேகம் வந்துவிடும். வழியில் எங்காவது நின்று மக்கர் பண்ணும்போது என்னிடம் ஸ்பேனர்கூட இருக்காது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம் கதைதான். கடைசியில் புரிந்தது, இதை வீட்டு வாசலிலேயே வரவழைக்க வேண்டும்: அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, பானெட்டை மூடியபடியே விட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். பானெட்டைத் திறந்து வைத்தால் சூடு வெளியேறிக் கோளாறு வராமலே போய்விடும். நான் முதல் மூன்று முறை செய்த தப்பு அது.

இந்த இருபது நிமிடக் கணக்கு எங்கிருந்து வருகிறது? வண்டி ஓடும்போது கூலன்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, முன்னாலிருந்து காற்று அடிக்கிறது, போதாததற்கு டேங்கிலிருந்து வரும் பெட்ரோலும் இன்ஜெக்டர்களுக்கு அதைப் பகிர்ந்து கொடுக்கும் குழாயான ரெயில் வழியாக ஓடி ரிட்டர்னில் திரும்பிப் போய்க்கொண்டே இருப்பதால் அதுவும் சூட்டை வாரிக்கொண்டு போகிறது. அணைத்ததும் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். பிளாக்கிலும் ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் ஊறிப்போன சூடு மட்டும் அப்படியே இருக்கிறது. அது மேலே ஏறி பானெட்டுக்கு அடியில் தேங்கி, அதுவரை குளுமையாக இருந்த, இன்ஜினுக்குள் காற்று போகும் இன்டேக்கையும் ரெயிலையும் பிடித்துக்கொள்ளும். மல்டிமீட்டரின் வெப்பநிலை ஒயரை ரெயிலில் டேப் போட்டு ஒட்டிப் பார்த்தேன். அணைத்த நேரத்தில் 51 டிகிரி செல்சியஸ். பத்து நிமிடத்தில் 68. இருபத்திரண்டாவது நிமிடத்தில் 79. அதற்கப்புறம்தான் மெல்ல இறங்க ஆரம்பித்தது. அதாவது அணைத்த வண்டி இன்னும் சூடாகிக்கொண்டு போகிறது. என் வண்டி அடம் பிடிக்கும் நேரமும் இந்த ஏற்ற இறக்கமும் அச்சடித்த மாதிரி ஒத்துப்போயின.

சரி, 79 டிகிரியில் பெட்ரோலுக்கு என்ன ஆகும்? தண்ணீருக்கு இருப்பதுபோல் அதற்கு ஒரே ஒரு கொதிநிலை கிடையாது, அது பல பொருள்களின் கலவை. அதில் இருக்கும் லேசான சங்கதிகள் சாதாரண காற்றழுத்தத்தில் 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும், கனமானவை 200 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே 79 டிகிரி ரெயிலில் அழுத்தம் இல்லாமல் பெட்ரோல் இருந்தால் அது கொதித்துக்கொண்டிருக்கிறது என்றே அர்த்தம். ஆனால் அழுத்தம் இருந்தால் கதை வேறு. ரேடியேட்டர் மூடி எப்படி அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் கூலன்ட்டை நூறு டிகிரி தாண்டியும் கொதிக்க விடாமல் வைக்கிறதோ, அதே வேலைதான் இங்கேயும். இன்ஜின் அணைந்த பிறகும் லைனுக்குள் இரண்டரை மூன்று பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ சாதாரண காற்றழுத்தம்) அழுத்தம் பூட்டி வைக்கப்பட்டிருக்க வேண்டும். அதைப் பூட்டி வைப்பவை மூன்று: பம்ப்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு, ரெயிலின் கடைசியில் அழுத்தத்தை அளவோடு வைத்து மிச்சத்தை ரிட்டர்னில் விடும் பிரஷர் ரெகுலேட்டர், மூடிய இன்ஜெக்டர்கள். இந்த மூன்றில் ஒன்று ஒழுகினாலும் அழுத்தம் இறங்கும், இறங்கினால் ரெயிலில் திரவம் போய் ஆவி நிற்கும்.

அழுத்தம் இறங்கிப்போன வண்டி காலையில் மட்டும் எப்படி ஒரே அடியில் கிளம்புகிறது என்பது என்னை ரொம்ப நாள் குழப்பியது. விஷயம் எளிது. குளிர்ந்த லைனில் அழுத்தம் இல்லாவிட்டாலும் பெட்ரோல் திரவமாகவே நிற்கிறது. திரவத்தை அமுக்க முடியாது என்பதால் சாவியைத் திருப்பியதும் பம்ப் ஓடும் அந்த இரண்டு விநாடியிலேயே அழுத்தம் ஏறிவிடும். சூட்டில் லைன் முழுக்க ஆவி. ஆவி அமுங்கும், பம்ப் எவ்வளவு தள்ளினாலும் முதலில் அதை அமுக்கி, ரிட்டர்ன் வழியாக விரட்டி, பின்னால் வரும் திரவம் ரெயிலை நிரப்பிய பிறகுதான் இன்ஜெக்டர் வாயில் பெட்ரோல் வரும். அதுவரை செல்ஃப் மோட்டார்தான் பாவம்.

பெட்ரோலின் குணமும் இதில் பங்கு வகிக்கிறது. எத்தனால் தனியாக 78 டிகிரியில் கொதிப்பது, ஆனால் பெட்ரோலில் 10 சதவீதம் கலந்தால் கலவையின் ஆவி அழுத்தம் கூடிவிடும், ஏறத்தாழ 7 கிலோபாஸ்கல், அதாவது இன்னும் சுலபமாக ஆவியாகும். குளிர் கடுமையான நாடுகளில் குளிர்காலத்துக்கு என்று சீக்கிரம் ஆவியாகும் பெட்ரோலை விற்பார்கள், அது டேங்கில் மிச்சமிருக்கும்போது வெயில் சட்டென்று ஏறினால் பழைய வண்டிகள் வரிசையாக மக்கர் பண்ணும். இருந்தாலும் எல்லாப் பழியையும் பெட்ரோல் மேல் போடும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. அதே பெட்ரோலில், அதே வெயிலில், அதே மாதிரி இன்னொரு வண்டி கிளம்புகிறது என்றால் நம் வண்டியில் ஏதோ ஒழுகுகிறது.

எரிபொருள் பக்கம் இறங்குவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, நான் அதைச் செய்யவே இல்லை. கோளாறு எரிபொருளில்தானா? சூட்டில் மட்டும் சாகும் சங்கதிகள் வேறேயும் இருக்கின்றன. இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சரின் உள்ளே இருக்கும் சுருள் ஒயர் சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் மாட்யூலும் காயிலும் அதே ரகம். பம்ப் ரிலேயின் ஈயப் பற்று விரிசல் விட்டிருந்தால் வெயிலில் நின்ற வண்டியில் பம்ப்பே ஓடாது. பார்ப்பது கஷ்டமில்லை. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது அசைகிறதா? பல வண்டிகளில் அது செத்துக் கிடந்தால் கிராங்க் சென்சரைச் சந்தேகப்படலாம். ஒரு பிளக்கில் பொறி வருகிறதா? இன்ஜின் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறதா, இல்லை முக்கி முக்கிச் சுற்றுகிறதா? முக்கினால் அது ஸ்டார்ட்டர் மோட்டார் அல்லது கேபிள், பெட்ரோல் இல்லை. என் வண்டியில் முள் அசைந்தது, பொறி வந்தது, சுற்றும் வேகமும் சரி. ஆறு மாதம் கழித்துத்தான் பார்த்தேன் என்பது வேறு விஷயம்.

அப்புறம்தான் முக்கியமான கேள்வி. பெட்ரோல் போதவில்லையா, அதிகமாகிவிட்டதா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், சுற்றும், கிளம்பாது. வைத்தியம் மட்டும் நேரெதிர். நல்லவேளையாகப் பிரித்துப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், வலது கால் போதும். இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால், இன்ஜின் மூழ்கியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு இன்ஜினை நடத்தும் கணினியான இசியு இன்ஜெக்டர்களை நிறுத்திவிடும். அப்படி அடித்துச் சீக்கிரம் கிளம்பினால், கிளம்பும்போது கறும்புகையும் பெட்ரோல் நெடியும் வந்தால், உள்ளே பெட்ரோல் அதிகம். பிளக்கைக் கழற்றினால் ஈரமாக இருக்கும். மாறாக, அடிவரை மிதித்தால் கொஞ்சநஞ்ச இருமலும் நின்றுபோய், பிளக்கும் காய்ந்து கிடந்தால், பெட்ரோல் வரவில்லை.

அதிகமாகிறது என்றால் இன்ஜெக்டர் ஒன்று சொட்டுகிறதா, ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற சவ்வு கிழிந்து பெட்ரோல், ரெகுலேட்டரை இன்டேக்கோடு இணைக்கும் வேக்கம் டியூப் வழியாக உள்ளே போகிறதா, கூலன்ட் சென்சர் பொய் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். சென்சரை நான் அளந்தேன். இந்த ரகச் சென்சர்கள் சூடு ஏற ஏற மின்தடை குறைபவை, என்னுடையது 20 டிகிரியில் 2,500 ஓம் அருகே, இன்ஜின் சூடானபோது 300 ஓம் அருகே காட்டியது, சரியாகவே இருந்தது. அது சூட்டிலும் ஆயிரக்கணக்கில் காட்டினால் இசியு இன்ஜின் குளிர்ந்திருப்பதாக நினைத்துக் காலை நேரத்துக் கணக்கில் பெட்ரோலை அள்ளிக் கொட்டும். ஒருவேளை பெட்ரோல் நிரப்பிய உடனே மட்டும் இந்தத் தொல்லை வருகிறதென்றால் டேங்க் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். டேங்கை நிரப்பும்போது கிளம்பும் ஆவி அப்படியே இன்டேக்குக்குப் போய்விடும்.

என் வண்டியில் பிளக் காய்ந்து கிடந்தது. போதவில்லை என்ற கட்சி. இதற்கு ஒரு சோதனை இருக்கிறது, காசில்லாதது, அரை நிமிட வேலை. சாவியை ஆன் வரை திருப்புங்கள், செல்ஃப் அடிக்காதீர்கள். பின் சீட் பக்கம் பம்ப் 'ங்ங்ங்' என்று இரண்டு விநாடி ஓடி நிற்கும். சாவியை அணைத்துச் சில விநாடி விட்டு மறுபடி ஆன். மூன்று நாலு முறை இப்படிச் செய்துவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். முதலில் பம்ப்பின் சத்தம் லேசாக, விசில் மாதிரி இருந்தது, மூன்றாவது முறை குரல் தடித்துக் கனமானது, அடித்தேன், ஒரே சுற்றில் கிளம்பிவிட்டது. இது வேலை செய்கிறதென்றால் லைனில் அழுத்தம் நிற்கவில்லை என்பது ஏறக்குறைய உறுதி. (சில பழைய மாடல்களில் செல்ஃப் அடித்தால்தான் பம்ப் ஓடும், அவற்றில் இந்த வித்தை நடக்காது.)

இதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் நான் நேரே போய் ஒரு புதுப் பம்ப் வாங்கினேன். அளக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. அழுத்தம் நிற்கவில்லை, பம்ப்பில் ஒருவழி வால்வு இருக்கிறது, வண்டிக்கு வயதாகிவிட்டது, அப்புறம் என்ன? பின் சீட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, பம்ப் தொகுதியை வெளியே எடுத்து நானே மாற்றினேன். கோளாறு போய்விட்டது! பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன். நாலு மாதம் போனது. ஒரு மதியம் பதினெட்டு நிமிடம் நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால், வேதாளம் மறுபடி முருங்கை மரத்தில்.

அப்போதுதான் பிரஷர் கேஜ் வாங்கினேன். ரெயிலின் ஓரத்தில் டயர் வால்வு மாதிரியே ஒரு வால்வு இருக்கும், மூடியைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம். சில வண்டிகளில் அது இருக்காது, ஹோஸைக் கழற்றி நடுவில் டி வடிவ இணைப்பு போட வேண்டும். கழற்றும்போது பெட்ரோல் பீறிட்டு வரும், அதனால் இந்த வேலையை இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, சுற்றிலும் துணி சுற்றி, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். சூடான எக்ஸாஸ்ட்டுக்கு மேலே பெட்ரோல் ஹோஸைக் கழற்றுவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. ஆறிய வண்டியில் கேஜை மாட்டி, ஒழுகவில்லை என்று பார்த்துக்கொண்டு, அப்புறம் ஒயரை மாட்டி இன்ஜினைச் சூடாக்கிக்கொள்ளலாம்.

ஐடிலில் முள் 2.5 பாரில் நின்றது. ரெகுலேட்டரின் வேக்கம் டியூபைப் பிடுங்கியதும் 3-க்கு ஏறியது. இது சரியான நடத்தை, டியூபுக்குள் பெட்ரோல் ஈரமும் இல்லை. அணைத்தேன். முள் 3-இல் ஒரு கணம் நின்றது, அப்புறம் கடிகாரத்தின் நிமிட முள் மாதிரி, நகர்வது தெரியாமல் நகர ஆரம்பித்தது. ஒரு நிமிடத்தில் 2. இரண்டாவது நிமிடத்தில் 1. நாலாவது நிமிடம் பூஜ்யம். எவ்வளவு நேரம் எவ்வளவு நிற்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருப்பார்கள், என் வண்டிக்கு இருபது நிமிடம் கழித்தும் 2 பாருக்கு மேல் நிற்க வேண்டும். இருபதாவது நிமிடம் சாவியை ஆன் செய்தேன். முள் 1.2 வரை தள்ளாடி ஏறி, நடுங்கி, பம்ப் நின்றதும் தொப்பென்று விழுந்தது. இரண்டாவது முறை 2. மூன்றாவது முறை 3-இல் நடுக்கமில்லாமல் நின்றது. ரெயிலுக்குள் ஆவி இருந்ததைக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

எங்கே ஒழுகுகிறது என்று பிரிக்க ஹோஸைக் கிள்ள வேண்டும். அதற்கென்று வழுவழுப்பான தாடை உள்ள கிளாம்ப் கிடைக்கும். ரப்பர் ஹோஸில் மட்டும்தான் போடலாம், கெட்டியான பிளாஸ்டிக் குழாயில் போட்டால் அது உடைந்து போகும். இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது ஒருவரை அணைக்கச் சொல்லி, அணைத்த நொடியே ரிட்டர்ன் ஹோஸைக் கிள்ளுங்கள். முள் இறங்காமல் நின்றால் ரெகுலேட்டர் ஒழுகுகிறது. அப்போதும் இறங்கினால், அடுத்த சுற்றில் டேங்கிலிருந்து வரும் ஹோஸைக் கிள்ளுங்கள். இப்போது நின்றால் ஒழுகல் டேங்க் பக்கம். இரண்டையும் கிள்ளியும் இறங்கினால் இன்ஜெக்டர்கள்தான், அல்லது வெளியே எங்கோ கசிகிறது. என் தங்கை மகன் சாவியில் உட்கார்ந்தான். "மாமா, ஆஃப் பண்ணட்டா?" "பண்ணு." ரிட்டர்னைக் கிள்ளினேன், இறங்கியது. மறுபடி ஓட்டி, டேங்க் பக்கத்தைக் கிள்ளினேன், 3-இல் ஆணி அடித்த மாதிரி நின்றது. பத்து நிமிடம் பார்த்தோம். சூட்டில் கொஞ்சம் மேலேகூட ஏறியது.

பதில் கண்ணெதிரே இருந்தது, டேங்க் பக்கம். நான் என்ன செய்தேன் தெரியுமா? நம்பவில்லை. பம்ப் புதுசு, நானே மாட்டியது, நாலு மாதம் நன்றாக ஓடியிருக்கிறது, அங்கே எப்படிக் கோளாறு இருக்கும்? கிளாம்ப் சரியாக விழவில்லை என்று முடிவு கட்டி ரெகுலேட்டரை மாற்றினேன். மாற்றிவிட்டுப் பார்த்தால் முள் அதே நாலு நிமிடத்தில் அதே பூஜ்யத்துக்கு வந்தது, கொஞ்சமும் வெட்கமில்லாமல். கேஜையும் வாங்கி, சோதனையையும் ஒழுங்காகச் செய்து, அது சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டதுதான் இந்த ஒரு வருடத்தில் நான் செய்ததிலேயே பெரிய கூத்து.

மறுபடி பின் சீட்டைத் தூக்கினேன். பம்ப் தொகுதியை வெளியே எடுத்ததும் தெரிந்துவிட்டது. பம்ப்பிலிருந்து மேல் மூடியில் இருக்கும் குழாய் வரை ஒரு சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு ஹோஸ் போகும். பம்ப் மாற்றும்போது பழைய ஹோஸ் இறுகிப்போயிருந்ததால் அறுத்து எறிந்துவிட்டு, கையில் இருந்த பெட்ரோல் ஹோஸில் ஒரு துண்டு வெட்டிப் போட்டிருந்தேன். நல்ல ஹோஸ்தான், இன்ஜெக்‌ஷன் அழுத்தம் தாங்கும் என்று அதன் மேலேயே எழுதியிருந்தது, தரக் குறியீடு எஸ்ஏஇ 30ஆர்9. அது இப்போது ஒரு சுற்றுப் பெருத்து, கிளாம்ப்புக்கு இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது. விரலால் அமுக்கினால் களிமண் மாதிரி அமுங்கியது, விரலில் கறுப்பு ஒட்டியது. கிளாம்ப்பைத் தளர்த்தித் திருப்பிப் பார்த்தால் அடியில் நகத்தளவுக்கு ஒரு வெடிப்பு.

விஷயம் இதுதான். சாதாரண பெட்ரோல் ஹோஸ் உள்ளே பெட்ரோல் ஓடுவதற்காகச் செய்தது, அதன் வெளி உறை வெயிலையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தாங்கும், பெட்ரோலிலேயே முழுகிக் கிடக்க அது செய்யப்படவில்லை. டேங்குக்குள் போடுவதற்கென்றே தனி ஹோஸ் இருக்கிறது, 30ஆர்10 என்று போட்டிருக்கும், உள்ளும் புறமும் பெட்ரோல் தாங்கும். எனக்கு அப்போது தெரியாது. பெட்ரோல் ஹோஸ்தானே என்று போட்டுவிட்டேன். அந்த வெடிப்பு பம்ப்பின் ஒருவழி வால்வுக்கு மேலே இருந்ததால் வால்வு நல்ல நிலையில் இருந்தும் பயனில்லை, பெட்ரோல் வெடிப்பு வழியாக டேங்குக்குள்ளேயே இறங்கிவிட்டது. வெளியே ஒரு சொட்டும் தெரியாது, நெடியும் வராது. ஓடும்போது ஏன் ஒன்றும் தெரியவில்லை என்றால், பம்ப் எப்போதும் தேவைக்கு மேல்தான் தள்ளுகிறது, மிச்சம் ரிட்டர்னில் போகிறது, வெடிப்பு வழியாகப் போவது அந்த மிச்சத்தில் ஒரு பங்கு. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் ஹோஸ் முழுக்கக் கிழிந்து நடுரோட்டில் நின்றிருப்பேன்.

இன்ஜெக்டர் ஒழுகுகிறது என்று சோதனை சொல்லியிருந்தால், ரெயிலை இன்ஜெக்டர்களோடு சேர்த்தே தூக்கி, அடியில் காகிதம் விரித்து, பம்ப்பை ஓடவிட்டு எது சொட்டுகிறது என்று பார்த்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு சொட்டு வரை பொதுவாகப் பொறுத்துக்கொள்வார்கள். அந்த வேலை எனக்கு வாய்க்கவில்லை, மகிழ்ச்சி. 1973-இல் வந்த பாஷ் கே-ஜெட்ரானிக் மாதிரி மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொருளும் உண்டு, அக்யூமுலேட்டர். உள்ளே டயஃப்ரமும் ஸ்பிரிங்கும் இருக்கும், இன்ஜின் அணைந்த பிறகு அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதுதான் அதன் வேலை. அதில் டயஃப்ரம் போனால் முதலில் தெரியும் அறிகுறியே சூட்டில் கிளம்பாததுதான்.

கார்புரேட்டர் வண்டி என்றால் கதை கொஞ்சம் வேறு. அங்கே ரெயில் கிடையாது, இரண்டரை பார் கிடையாது, மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் திறந்து கிடக்கிறது, அடியில் சூடான மேனிஃபோல்ட். அணைத்துச் சில நிமிடத்தில் கிண்ணத்துக்குள் பெட்ரோல் கொதித்து, ஜெட் வழியாகப் பொங்கி மேனிஃபோல்டுக்குள் வழியும். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் சொட்டுவதைப் பார்க்கலாம், காதை வைத்தால் குமிழி விடும் சத்தம்கூடக் கேட்கும். அதாவது இன்ஜின் மூழ்கிவிட்டது, கிண்ணமும் காலி. இங்கே ஆக்சிலரேட்டரைத் தட்டித் தட்டி மிதித்தால் ஆக்சிலரேட்டர் பம்ப் இன்னும் பெட்ரோலைப் பீய்ச்சும். மெதுவாக அடிவரை மிதித்து, அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும், சோக்கைத் தொடவே கூடாது. நிரந்தர வைத்தியம் என்றால் கார்புரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத தடித்த ஸ்பேசர், எக்ஸாஸ்ட்டிலிருந்து மறைக்க ஒரு தகடு, மிதவையின் மட்டம் சரியா என்று ஒரு பார்வை. இன்ஜின் பிளாக்கிலேயே மாட்டியிருக்கும் மெக்கானிக்கல் பம்ப் பெட்ரோலை உறிஞ்சித்தான் இழுக்கிறது, உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் இன்னும் குறைவு என்பதால் அங்கேதான் ஆவி முதலில் பிடிக்கும். டேங்க் அருகே எலக்ட்ரிக் பம்ப் வைத்துத் தள்ளினால் அந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும்.

பெட்ரோல் குழாயில் துணி மாட்டும் மரக் கிளிப்புகளை வரிசையாகக் குத்தி வைக்கும் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. அந்த இத்தனூண்டு மரம் எந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஈரத்துணியை மெக்கானிக்கல் பம்ப் மேல் போடுவது வேலை செய்யும், வழியில் நின்றுவிட்டவருக்கு அது நல்ல யோசனை. பம்ப்பின் வால்வு போனால் லைனில் தனியாக ஒரு ஒருவழி வால்வை மாட்டிவிடலாம் என்பார்கள். அதுவும் தப்பில்லை. யோசித்துப் பார்த்தால் அதை நான் மாட்டியிருந்தால் என் கோளாறும் போயிருக்கும், வெடித்த ஹோஸ் மட்டும் டேங்குக்குள் அப்படியே கிடந்திருக்கும்.

புது ஹோஸும் புது கிளாம்ப்பும் போட்டு இரண்டு வாரம் ஆகிறது. முதல் நாளே அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, பானெட்டை மூடி, கேஜைக் கண்ணாடி ஓரம் தெரியும்படி வைத்து, சீட்டிலேயே உட்கார்ந்தேன். இருபதாவது நிமிடம் முள் 2.6-இல் இருந்தது. சாவியைத் திருப்பினேன், அரைச் சுற்றுகூட ஆகவில்லை. அணைத்துவிட்டு இன்னும் ஒரு முறை உட்கார்ந்து பார்த்தேன். நேற்று, ஆறிய வண்டியில் அந்தப் பழைய ரெகுலேட்டரைத் திரும்ப மாட்டிப் பார்த்தேன். முள் அதே 2.6. அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அது வண்டியிலேயே இருக்கிறது, புதியது டப்பாவோடு அலமாரியில்.